மறுஎடை கேட்ட இருதயம்

மதராஸில் இருக்க வேண்டிய மிஷின் பெரம்பலூருக்கு எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். திருச்சிக்கும் மதராஸுக்கும் நடுவே லாரி பழுதாகி நின்றுவிட்டது, இறக்கி வைத்த இடத்திலேயே சுற்றிச் சுவர் எழுப்பிக் கட்டடமாக்கிவிட்டார்கள் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேச்சு. கேட்டதில் அதுதான் நம்பும்படி இருந்தது. கட்டடத்துக்கு இருதய அளவை வாரியம் என்று பெயர் வைத்தார்கள். மிஷினை மாடியில் வைத்தார்கள். இருதய நோயாளி அத்தனை பேரும் நாற்பத்திரண்டு படி ஏறித்தான் இருதயத்தை அளந்துகொள்ள வேண்டும்.

என் பெயர் ராசாங்கம். கல்லங்குறிச்சிக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டுகிறவன். 1985 பங்குனியில் எனக்கு மார்பு வலி வந்தது. திருச்சியில் இருபது நாள் படுத்திருந்து எழுந்து வந்தேன். ஊருக்கு வந்த மறுமாதமே மண்வெட்டி பிடித்தேன், மாடு பிடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கம்பெனி மேனேஜர், வாரியத்தின் சீட்டு இல்லாமல் வண்டிச் சாவியைத் தரமாட்டேன் என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் சீட்டு வேண்டும். ஐம்பது வந்தால் ஸ்டீரிங். ஐம்பதுக்குக் கீழே வந்தால் கேட்டில் வாட்ச்மேன் நாற்காலி. மூன்று தரம் கீழே வந்தால் நாற்காலியும் கிடையாது, வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

அது என்ன ஐம்பது என்று நானும் கேட்டேன். கையில் ஒரு ஊசி போடுவார்கள். அதில் கதிர் மருந்து இருக்கிறது. அது ரத்தத்தில் கலந்து இருதயத்துக்குள் போகும். மேலே தொங்கும் கேமரா அந்தக் கதிரைப் படம் பிடிக்கும். இருதயம் விரிந்தபோது உள்ளே நூறு பங்கு ரத்தம் இருந்தால், சுருங்கும்போது எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்று ஓர் எண் வரும். அவ்வளவுதான் விஷயம். அந்த ஓர் எண்ணுக்காக வாரியம் செய்த ஆர்ப்பாட்டம் தேர்த்திருவிழாவில் கூட இருக்காது.

முதலில் உறுதிமொழி. நோயாளிகள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். "என் இருதயத்தைப் பற்றி நான் கொண்டுள்ள சொந்த அபிப்பிராயங்களைக் கைவிடுகிறேன்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டும். பிறகு வாரியத் தலைவர் டாக்டர் கோதண்டபாணி பேசுவார். ஒவ்வொரு தரமும் அதே பேச்சு.

"நோயாளி பொய் சொல்வார். நாடித்துடிப்பு பொய் சொல்லும். ஏன், டாக்டரே பொய் சொல்லலாம். எண் பொய் சொல்லாது. முப்பது வருடம் ஸ்டெதஸ்கோப்பை நம்பி வீணாய்ப் போனவன் நான். இன்றைக்கு நோயாளியின் முகத்தைக்கூட நான் பார்ப்பதில்லை. அதைப் பெருமையாகச் சொல்கிறேன்."

கூடத்தில் இரண்டு பெஞ்சு. போன தரம் ஐம்பதும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு மின்விசிறிக்குக் கீழே ஒன்று. மற்றவர்களுக்குக் கக்கூஸ் ஓரம் ஒன்று. முதல் தரம் போகிறவர்கள் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

ஆடியில் எனக்கு ஐம்பத்திரண்டு வந்தது. வண்டி ஓட்டினேன். ஐப்பசியில் நாற்பத்தாறு. கேட்டில் உட்கார்ந்தேன். தையில் ஐம்பத்துமூன்று. மறுபடி வண்டி. சித்திரையில் நாற்பத்தேழு. மறுபடி கேட். இதற்கு நடுவே என் உடம்பில் ஒரு மாற்றமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் சொந்த அபிப்பிராயத்தைத்தான் கைவிட்டாயிற்றே.

டாக்டருக்கு எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்திருந்தது. நாற்பத்தாறு வந்தபோது, "உப்பைக் குறைக்கச் சொன்னோம், நீங்கள் குறைக்கவில்லை" என்றார். ஐம்பத்துமூன்று வந்தபோது கிராஃப் தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "பாருங்கள், வாரியத்தின் அறிவுரையைக் கேட்டு ஒரு இருதயம் எப்படித் தேறியிருக்கிறது" என்றார். கூடமே கைதட்டியது. என் பெண்சாதி செங்கமலம் மட்டும் தட்டவில்லை.

"நான் எங்க உப்பைக் கொறைச்சேன்? மார்கழி பூரா கருவாட்டுக் கொழம்புதான்" என்றாள் படியிறங்கும்போது.

"பேசாம வா. அவரு காதுல விழுந்து எண்ணைத் திருப்பி எடுத்துக்கப் போறாரு."

ஊரிலும் அந்த எண் என்னை விடவில்லை. நாற்பத்தாறு வந்த மாதம், அரிசி மண்டி செல்லமுத்து என் கையிலிருந்த இருபது கிலோ சிப்பத்தைப் பிடுங்கித் தன் ஆளிடம் கொடுத்தனுப்பினார். ஐம்பத்துமூன்று வந்த மாதம், அதே செல்லமுத்து என் தோளில் ஒரு மூட்டையை ஏற்றி, "அப்படியே மாயவன் வூட்டு மூட்டையையும் கொண்டுபோய்ப் போட்டுருங்களேன்" என்றார். கோவில் வாசலில் தேங்காய் விற்கிறவர்கள் சௌக்கியமா என்று கேட்பதை விட்டுவிட்டு, இப்ப எத்தனை என்று கேட்க ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னேன். ஆனால் கேட்டில் உட்கார்ந்திருக்கும்போது என் வண்டியை வேறொருவன் கியரை நறநறவென்று அரைத்து ஓட்டிப் போவதைக் கேட்க வயிறு எரிந்தது. இன்னும் ஒரு எண் கீழே வந்தால் அந்தச் சத்தமும் கிடையாது. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான்.

சித்திரையில் போனபோது ஒன்றைக் கவனித்தேன். படம் எடுத்து முடித்ததும் டெக்னீஷியன் முருகையன் என்னை இறங்கச் சொல்லிவிட்டு டி.வி. மாதிரி இருந்த பெட்டிமுன் உட்கார்ந்தார். நான் சட்டைப் பொத்தானைப் போடுகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். மங்கலாக ஒரு பூசணிக்காய். அதன் ஓரத்தை ஒரு பேனாவால் கண்ணாடிமேல் சுற்றி வரைந்தார். வரைந்ததும் எண் வந்தது.

"இதுதான் என் இருதயமாங்க?"

"ஆமா."

"ஓரம் இதுதான்னு எப்படிங்க தெரியுது? எல்லாம் பொகை மாதிரில்ல இருக்கு."

"பழக்கம்தான். எத்தனை வரைஞ்சிருக்கேன்."

"போன தரம் எடுத்தாங்களே லீலாவதி அம்மா, அவங்க வரைஞ்சாலும் இதே எடத்துலதான் வரைவாங்களா?"

முருகையன் நல்ல மனிதர். யோசித்துத்தான் சொன்னார். "அவங்க விரிஞ்ச இருதயத்துக்கு ஒரு கோடு, சுருங்கின இருதயத்துக்கு ஒரு கோடுன்னு தனித்தனியாப் போடுவாங்க. எனக்கு அவ்வளவு பொறுமை இல்ல. ரெண்டுக்கும் ஒரே கோடு."

பஸ்ஸில் அரியலூர் வரும்வரை என் நான்கு எண்களையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். ஐம்பத்திரண்டும் ஐம்பத்துமூன்றும் லீலாவதி அம்மா இருந்த நாட்கள். நாற்பத்தாறும் நாற்பத்தேழும் முருகையன் இருந்த நாட்கள். மூன்று மாதம் நான் கேட்டில் உட்கார்ந்ததும், இனி மூன்று மாதம் உட்காரப்போவதும் என் இருதயத்தாலா, முருகையனுக்குப் பொறுமை இல்லாததாலா? செங்கமலத்திடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அடுத்த தரம் நானும் மேல வரேன்" என்றாள்.

எங்கள் சுரங்கத்தில் ஒரு எடைமேடை இருக்கிறது. வேணுகோபால் என்று ஒருவர் அதைப் பார்த்துக்கொள்கிறார், எட்டாவதோடு நின்றவர். எடையில் டிரைவருக்குச் சந்தேகம் வந்தால் மறுஎடை என்று ஒரு சொல் சொன்னால் போதும். லாரி சுற்றி வந்து மறுபக்கமாக மேடையில் ஏறும். அதே வண்டி, அதே கல். இரண்டு எடையும் சீட்டில் ஏறும். இருபது கிலோ முன்னே பின்னே இருந்தால் மேடையோட குணம் என்று விட்டுவிடுவார்கள். கல் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. மாதம் ஒரு தரம் எடை தெரிந்த படிக்கல்லை ஏற்றி மேடையையே சோதிப்பார்கள். சுண்ணாம்புக்கல்லுக்கு இவ்வளவு மரியாதை.

ஆடியில் என் ஐந்தாவது முறை. அன்றைக்கும் முருகையன்தான். ஊசி போட்டார், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார், கேமராவைச் சாய்த்து வைத்தார். இருதயத் துடிப்புகளை எண்ணி முடித்துப் பேனாவால் வரைந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நாற்பத்தெட்டு. எறங்குங்க."

நான் இறங்கவில்லை.

"மறுஎடை போடுங்க" என்றேன்.

"என்னது?"

"இன்னொரு தரம் எடுங்க. லீலாவதி அம்மா கோடு போடட்டும். அதுவரைக்கும் இந்தக் கட்டிலை விட்டு எறங்க மாட்டேன்."

முருகையன் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தார். கதவு திறந்ததும் செங்கமலம் உள்ளே வந்து, நிலைப்படியில் முந்தானையை விரித்து உட்கார்ந்துவிட்டாள். இனி அவளைத் தாண்டித்தான் யாரும் போகவேண்டும், வரவேண்டும்.

டாக்டர் கோதண்டபாணி சுவரைப் பார்த்துப் பேசினார். "ஒரே நாளில் இரண்டு முறை அளக்க விதி இல்லை."

"ஏங்க இல்ல?"

"இரண்டு முறை அளந்தால் இரண்டு எண் வரும். இரண்டு எண் வந்தால் எதை நம்புவது? மக்கள் குழம்புவார்கள். அதனால்தான் வாரியம் ஒரே ஒரு முறை அளக்கிறது. துல்லியம் என்பதே அதுதான்."

"ரெண்டு எண் வரும்னு ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

"எனக்கு எல்லாம் தெரியும். அதனால்தான் அளப்பதில்லை."

கூடத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். இதைக் கேட்டதும் கக்கூஸ் ஓர பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். செட்டிகுளத்து மதுரைவீரன் என்று பிறகு தெரிந்தது. "எனக்கும் மறுஎடை வேணும்" என்றார். பக்கத்திலிருந்தவர் "எனக்கும்" என்றார். மின்விசிறிப் பெஞ்சுக்காரர்கள் மட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மறுஎடை வந்தால் நஷ்டம்.

சத்தம் கேட்டு லீலாவதி அம்மா வந்தார். முப்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். "சார், இன்னொரு ஊசி தேவையில்ல. எடுத்த படம் அப்படியே இருக்கு. நான் கோடு மட்டும் போட்டுப் பாக்கறேனே."

டாக்டர் வேண்டாம் என்று சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார். விரிந்ததற்கு ஒரு கோடு, சுருங்கியதற்கு ஒரு கோடு. ஐம்பத்துநான்கு வந்தது.

"இன்னொரு தரம் நீங்க போடுங்க அண்ணே" என்றார் முருகையனிடம். முருகையன் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நிதானமாக வரைந்தார். ஐம்பது வந்தது.

ஒரே ஆள், ஒரே ஊசி, ஒரே படம். நாற்பத்தெட்டு, ஐம்பத்துநான்கு, ஐம்பது.  டாக்டர்தான் முதலில் தெளிந்தார்.

"இதிலிருந்து என்ன தெரிகிறது? இவருடைய இருதயம் நிலையில்லாதது. கால் மணிநேரத்தில் மூன்று தரம் மாறுகிறது. இப்படிப்பட்டவர் எப்படி லாரி ஓட்ட முடியும்?"

"படம் ஒண்ணுதானே சார்" என்றார் லீலாவதி அம்மா.

"படம் ஒன்றாக இருக்கலாம். இருதயம் இவருடையது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து கட்டிலில் உட்கார்ந்தேன். ஒயர்கள் நெஞ்சில் தொங்கின. "சார், மேடை மேல சந்தேகம் வந்தா படிக்கல்லை வெச்சுப் பாப்பாங்க. நல்ல இருதயம்னு எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணைக் கொண்டாங்க. அதை இதுல படுக்க வைங்க. அது சரியா வந்துச்சுன்னா நான் வேலையை எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

நான் சொன்னது வேலையை வைத்து ஆடுகிற சூதாட்டம்தான். செங்கமலம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் தடுக்கவில்லை.

டாக்டர் கோதண்டபாணி கோட்டைக் கழற்றினார். கழற்றும்போதே பேச்சும் வந்துவிட்டது. "வாரியத்துக்கு எந்த அச்சமும் இல்லை. தினம் பூப்பந்து ஆடுகிறேன். புகைபிடிப்பதில்லை. இந்த வட்டாரத்தில் என் இருதயத்தைவிட நம்பகமான இருதயம் கிடையாது. இனிமேல் இந்தக் கருவிக்கு என் இருதயமே அளவுகோல் என்று பதிவு செய்துகொள்ளுங்கள், முருகையன்."

அவர் படுப்பதற்காக நான் இறங்கினேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. கூடம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. செங்கமலம் எல்லோருக்கும் பார்க்க வசதியாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். முருகையன் பழைய பழக்கத்தில், இரண்டுக்கும் ஒரே கோடாகப் போட்டார். எண்ணைப் பார்த்துவிட்டு எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். லீலாவதி அம்மா வாசித்தார்.

"நாற்பத்தெட்டு சார்."

வாரியத்தின் நான்காம் விதி கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் இருந்தது. ஐம்பதுக்குக் கீழ் உள்ளவர் பொறுப்பான பணி எதிலும் இருக்கக்கூடாது. மதுரைவீரன் அதை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். அவருக்குப் படிக்கத் தெரியும் என்று பக்கத்திலிருந்தவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

"மறுஎடை" என்றார் டாக்டர், படுத்தபடியே.

லீலாவதி அம்மா கோடு போட்டார். ஐம்பத்தைந்து.

டாக்டர் எழுந்து சட்டைகூடப் போடாமல் ஒரு தாளை இழுத்தார். எழுதி அவரே படித்தார். "ஏழு எண் கூடுவதும் ஏழு எண் குறைவதும் கருவியின் இயல்பு. அதை இருதயத்தின் மாற்றமாகக் கொள்ளக்கூடாது. இச்சலுகை வாரிய உறுப்பினர்களுக்கு மட்டும் பொருந்தும். லீலாவதி, சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள்."

லீலாவதி அம்மா பேனாவை எடுக்கவில்லை. "கடைசி வரியை அடிச்சாத்தான் போடுவேன் சார். இல்லன்னா நாற்பத்தெட்டுதான் பதிவுல இருக்கும்."

"உங்கள் வேலை என்னாகும் என்று தெரியுமா?"

"தெரியும் சார். உங்களுதும்."

அவர் குரல் உயரவே இல்லை. டாக்டர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கடைசி வரியை அடித்தார். அந்தக் கோடு மட்டும் நேராக விழுந்தது.

வாரியம் கொடுத்திருந்த என் அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர், "கருணை அடிப்படையில் மீண்டும் வாகனம் ஓட்ட" என்று எழுத ஆரம்பித்தார்.

"கருணை வேணாங்க. அதையும் அடிங்க."

"வேறு என்ன எழுதுவது?"

"உள்ளதை எழுதுங்க. ஒரு வருஷமா இந்த இருதயத்துல மாற்றம் எதுவும் இல்லன்னு எழுதுங்க."

அவர் எழுதினார். அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஒரு வருடமாக அது ஒரே மாதிரிதான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் அதை நம்பாமல் படியேறும்போதெல்லாம் நின்று நின்று ஏறினேன். செங்கமலம் தண்ணீர்க் குடத்தைத் தொடவிட்டதில்லை. மகள் கல்யாணப் பேச்சைத் தள்ளி வைத்தேன், நான் இருப்பேனோ மாட்டேனோ என்று.

மற்ற பதினான்கு பேரும் தங்கள் அட்டைகளை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மின்விசிறிப் பெஞ்சுக்காரர்கள் கடைசியில் நின்றார்கள். லீலாவதி அம்மா ஒவ்வொருவரின் போன தரத்துப் படத்தையும் எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார். பக்கத்தில் முருகையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் எப்படிப் போடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் கிளம்பியபோது டாக்டர் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். கக்கூஸ் ஓர பெஞ்சு. தெரிந்து உட்கார்ந்தாரா, கால் போனபடி உட்கார்ந்தாரா, சொல்லத் தெரியவில்லை. இடதுகை மணிக்கட்டில் வலதுகை விரல் இருந்தது. உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். அன்றைக்குத்தான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.

"ராசாங்கம், கொஞ்சம் நில்லுங்க" என்றார். குரலில் மேடைத் தமிழ் இல்லை. "நாற்பத்தாறுன்னு சொன்ன அன்னிக்கு, ராத்திரி ஒங்களுக்குத் தூக்கம் வந்துச்சா?"

"இப்பத்தானே சார் எழுதினீங்க, ஏழு எண் மிஷினோட இயல்புன்னு."

"எழுதினேன். ஆனா நாற்பத்தெட்டுன்னு காதுல விழுந்துருச்சே."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்கலாம். வரவில்லை. வந்ததாகச் சொன்னால் அது பொய்.

"வரலீங்க" என்றேன். "ஒரு வருஷமா சரியா வரல. இன்னிக்கு வரும்."

"எனக்கு?"

"தெரியாதுங்க சார். நான் டிரைவரு."

செங்கமலம் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள். அரியலூர் வழியாகப் போகும் கீழப்பழுவூர் பஸ் போய்விட்டால் அடுத்ததற்கு ஒரு மணிநேரம் காத்திருக்க வேண்டும் என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள். மறுநாள் காலை ஷிப்டுக்கு மேனேஜரிடம் சாவி வாங்க வேண்டும். நான் இரண்டிரண்டு படியாக இறங்கினேன்.